ரோட்டோர ஆவாரம் செடியில் தொடங்கிய வேலூர் - ஆம்பூர் தோல் தொழில்... பட்டையைக் கைவிட்டது ஏன்? திரும்பினால் பாலாறு பிழைக்குமா?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர் வந்ததும் பெரும்பாலானவர்களின் கண் தேடுவது பிரியாணிக் கடையைத்தான். அடுத்தபடியாக ஷூ கடையை. சாலை ஓரத்தில், கல்லும் கரம்பும் கலந்த புறம்போக்கில், இடுப்பு உயரத்துக்கு மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

அந்தச் செடி ஆவாரை. இன்று 'ஆவாரம்பூ டீ' என்று பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அதேதான். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்துக்கு இந்தச் செடியோடு இருக்கும் உறவு டீயைவிடப் பழையது. இந்தப் பகுதியின் தோல் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை நம்பித்தான் ஓடியது. இப்போது டேனரிகளில் அந்தப் பட்டையைப் பார்ப்பதே அரிது.

பாலாறு மாசு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வரும். "பழையபடி பட்டையிலேயே பதனிட்டால் என்ன?" நியாயமான கேள்வி. பதில் ஒரே வரியில் முடிவதில்லை.

ஆவாரை எப்படிப்பட்ட செடி?

தாவரவியலில் இதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. 'ஆரிகுலா' என்றால் லத்தீனில் சின்னக் காது. இலைக்காம்பின் அடியில் காது மடல் போல ஒரு சிறு இலைச்செதில் இருக்கும், அதனால் வந்த பெயர். அடுத்த முறை செடியைப் பார்த்தால் திருப்பிப் பாருங்கள், தெரியும். ஆங்கிலத்தில் இதன் பெயரே 'டேனர்ஸ் காசியா', அதாவது தோல் பதனிடுபவர்களின் செடி.

பெரும்பாலும் புதர்தான். விட்டு வைத்தால் சிறு மரமாகவும் வளரும். மழை குறைந்த, மண் மெலிந்த இடங்களில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். வேர் ஆழமாகப் போகும். இலைகள் பொடிப்பொடியானவை என்பதால் வெயிலில் நீர் இழப்பு குறைவு. ஆடு மாடு பெரிதாகச் சீண்டாது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் போட வேண்டாம், வேலி கட்ட வேண்டாம். வட தமிழ்நாட்டின் வறண்ட புன்செய்க்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடைப்பது கஷ்டம்.

பயன்பாடுகளைச் சொல்லத் தொடங்கினால் பட்டியல் நீளும். கோடை வெயிலில் வெகுதூரம் நடப்பவர்கள் ஆவாரம் தழையைத் தலையில் வைத்துக் கட்டிக்கொள்வார்கள், சூடு இறங்காது என்று. பூவைப் பருப்போடு சேர்த்துக் கூட்டு வைப்பார்கள். காய வைத்து நலங்கு மாவில் சேர்ப்பார்கள். தழை வயலுக்கு உரம். சேலம், தருமபுரி, கொங்கு பக்கம் பொங்கலுக்கு முந்தைய நாள் வீட்டு வாசலில் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் இருந்தாக வேண்டும். தெலங்கானாவில் இதன் பெயர் தங்கேடு. பதுகம்மா பண்டிகையின் முக்கியப் பூ இது, அந்த மாநிலத்தின் மாநில மலரும் இதுதான். இலங்கையில் 'ரணவரா' என்ற பெயரில் பல காலமாகவே டீ போட்டுக் குடிக்கிறார்கள்.

குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் 'ஆவிரை' உண்டு. காதல் கைகூடாத ஆண் பனைமட்டையில் செய்த குதிரை ஏறி ஊர் நடுவே வரும் மடலேறுதலில், எருக்கோடு சேர்த்து அவன் சூடிக்கொள்ளும் பூவும் ஆவிரைதான். மானம் போனாலும் பரவாயில்லை என்று வருபவன் தலையில் யாரும் மதிக்காத ரோட்டோரப் பூ. அந்தக் காலத்திலேயே இதற்கு அவ்வளவுதான் மரியாதை போல!

பட்டைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

வாழைக்காய்த் தோலைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். டிகாக்‌ஷன் கூடிப்போன டீயிலும் அப்படித்தான். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால்தான் வாய் காய்ந்தது போல இருக்கிறது.

மாட்டுத்தோல், ஆட்டுத்தோலில் இருக்கும் முக்கியப் புரதம் கொலாஜன். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். காய வைத்தால் பலகை போல விறைக்கும், நனைந்தால் மறுபடி நாறும். டானின் உள்ளே புகுந்து கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டால் அழுகல் நின்றுவிடும், தோல் மெத்தென்று வளையும். பதனிடுதல் என்பது இவ்வளவுதான். ஆவாரம் பட்டையில் டானின் சுமார் 18 சதவீதம் இருக்கிறது. ஒரு காட்டுச் செடிக்கு இது நல்ல அளவு.

பழைய முறையில் முதலில் தோலை ஊற வைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு முடியைக் கழற்றுவார்கள். சதையைச் சீவி எடுத்து, சுண்ணாம்பு போகக் கழுவுவார்கள். அதன் பிறகுதான் பட்டைக் குழி. நொறுக்கிய ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரில் தோலைப் போட்டு, முதலில் லேசான சாறு, பிறகு கெட்டியான சாறு என்று குழி மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஆட்டுத்தோலுக்கே வாரக்கணக்கில் ஆகும். மாட்டுத்தோல் மாதத்தைத் தொடும்.

கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீர். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆவாரம் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிர் மஞ்சளாக அழகாக இருக்கும், ஆனால் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அந்தச் சிவப்பைத் தடுத்து நிறத்தையும் தெளிவாக்கும். பிறகு எண்ணெய் தடவிக் காய வைத்தால் வேலை முடிந்தது.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். பட்டை சுற்றுவட்டாரப் புறம்போக்கில் கிடைக்கிறது. கடுக்காய் பக்கத்திலேயே ஜவ்வாது மலையில். தண்ணீருக்குப் பாலாறு. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு, அதாவது இதே வட்டாரம். தோல் தொழில் இங்கே வேர் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

ஊர்ப்புறத்தில் செருப்பும், கிணற்றில் கவலை இறைக்கத் தோல் பையும் செய்து கொடுத்த தலித் மக்களுக்கு இந்த வேலை அதற்கு வெகுகாலம் முன்பே கைவந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதே பட்டை முறை செம்மைப்பட்டு, இஸ்லாமிய வணிகக் குடும்பங்களின் முதலீட்டில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. லண்டன் சந்தையில் அந்தத் தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல், சுருக்கமாக ஈ.ஐ. லெதர் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காக மெட்ராஸ் மாகாணத்தின் ஈ.ஐ. மாட்டுத்தோலை அந்த அரசே மொத்தமாக வாங்கியது. ஐரோப்பியப் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாயின் காலில் இருந்தது நம்ம ஊர்ப் புறம்போக்குப் பட்டையில் ஊறிய தோல்.

பிறகு ஏன் விட்டார்கள்?

"குரோமியம் வந்தது, ஆவாரை போனது" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஆவாரையை முதலில் தள்ளிவிட்டது இன்னொரு மரம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை. நீலகிரியில் சீகை மரம் என்பார்களே, அந்த வகை. அதன் பட்டையில் டானின் 30 சதவீதத்துக்கும் மேல். ஆவாரையைப் புதர் புதராகத் தேடி, ஆள் வைத்து வெட்டி, குச்சி குச்சியாக உரிக்க வேண்டும். வாட்டிலோ தோட்டமாக வளர்க்கும் மரம், கப்பலில் மூட்டையாக வந்து இறங்கும். கணக்குப் போடுகிற முதலாளி எதை எடுப்பார்?

1946இல் நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை இந்தியா முறித்துக்கொண்டது. வாட்டிலை நாமே வளர்ப்போம் என்று நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பெரிய அளவில் நட்டார்கள். நட்ட இடம் சோலைக்காடுகளை ஒட்டிய இயற்கைப் புல்வெளி. அந்த வாட்டில் இன்று புல்வெளியை விழுங்கும் அந்நிய மரம் என்று பெயர் வாங்கி, அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. தண்ணீர் கேட்காத உள்ளூர்ச் செடியை விட்டதன் விலையை ஆம்பூரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் மலையும் கொடுத்தது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

அடுத்த அடிதான் குரோமியம். மெட்ராஸில் இந்தச் சோதனை 1900களின் தொடக்கத்திலேயே ஆல்ஃபிரட் சாட்டர்டன் முயற்சியில் ஆரம்பமானது. பிறகு பல்லாவரத்தில் குரோம் லெதர் கம்பெனி வந்தது. சென்னை குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

குரோமிய உப்பைப் போட்டு டிரம்மில் சுற்றினால் ஒரு நாளுக்குள் தோல் பதப்பட்டுவிடும். லேசான நீல நிறத்தில் ஈரமாக வெளியே வருவதால் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். கூடவே இன்னொரு வசதி. பட்டைத் தோல் 75 - 85 டிகிரி சூட்டிலேயே சுருங்கத் தொடங்கும். குரோம் தோல் 100 டிகிரியையும் தாங்கும். சூடான அச்சில் சோல் ஒட்டும் நவீன ஷூ தொழிற்சாலைக்கு இது ரொம்ப முக்கியம். மேல்தோலும் மெல்லியதாக, மென்மையாக, விரும்பிய நிறம் ஏறுவதாக வேண்டும். அதற்கும் குரோம்தான் வாகு.

ஆனாலும் 1970கள் வரை இங்கே பட்டைத் தோலுக்கு நல்ல மவுசு இருந்தது. அதை மாற்றியதில் அரசின் கொள்கைக்குப் பெரிய பங்கு உண்டு. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்தால் லாபம் வெளிநாட்டுக்குப் போகிறது, முழுதாக முடித்த தோலாக, ஷூவாக அனுப்புங்கள் என்றது சீதாராமையா கமிட்டி. 1970களின் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் வந்தன. நோக்கம் சரிதான், வேலைவாய்ப்பும் பெருகியது. ஆம்பூர் ஷூ உலகம் பூராவும் போவது அதன் பலன். ஆனால் ஈ.ஐ. லெதர் என்பதே 'பாதி பதனிட்ட' வகையில் சேரும் சரக்கு. அதற்கு ஏற்றுமதிக் கதவு சாத்தப்பட்டதும் டேனரிகள் வேகவேகமாகக் குரோமுக்கு மாறின. கழிவுநீரை என்ன செய்வது என்ற ஏற்பாடு மட்டும் அதே வேகத்தில் வரவில்லை.

பாலாற்றுக்கு என்ன ஆனது?

டிரம்மில் போடும் குரோமியத்தில் சாதாரண முறையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் தோல் உறிஞ்சும். மிச்சம் தண்ணீரோடு வெளியேறும். அந்தத் தண்ணீர் வருஷக்கணக்கில் வாய்க்காலிலும் ஏரியிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லா மாணவர்களும் தாண்டிப் போக முடியாத ஒன்று. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அதில் உறுதி செய்யப்பட்டது. டேனரிகள் இருக்கும் பகுதிகளில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒரு கிலோ தோல் தயாரிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும்.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சேறு பாய்ந்ததில் 10 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களே அவர்களில் அதிகம். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாறு மாசு தொடர்பாக மறுபடியும் ஒரு தீர்ப்பு கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலி, கண்காணிக்கக் குழு அமை என்று. 1996க்கும் 2025க்கும் நடுவே 29 வருஷம். நிலத்தை இழந்த விவசாயியின் பிள்ளை அந்த நேரத்தில் வளர்ந்து, அதே ஊரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போயிருக்கலாம்.

இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். இதன் நச்சுத்தன்மை குறைவு. புற்றுநோய் ஆபத்து உள்ளது ஆறிணைதிறன் குரோமியம். முன்னது சில சூழல்களில் பின்னதாக மாறக்கூடும். அதனால்தான் தோலில் படும் தோல் பொருட்களில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதி வைத்திருக்கிறது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலை இருக்கிறதே, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், அதில் இருப்பது அந்த ஆபத்தான வகை. அது நேரடியாக டேனரிக் கழிவு அல்ல. டேனரிகளுக்கான ரசாயனம் தயாரித்த ஆலை விட்டுப்போனது.

சரி, ஆவாரைக்கே திரும்பிவிடலாமா?

முதலில் நல்ல செய்தி. பட்டையில் பதனிட்டால் குரோமியம் என்ற பிரச்சினையே இல்லை. 'குரோம் இல்லாத தோல்' கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பை, பெல்ட், செருப்பு, புத்தக அட்டை இதற்கெல்லாம் பட்டைத் தோல் அருமையாக இருக்கும். ஈ.ஐ. லெதர் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திருச்சி, திண்டுக்கல் பக்கம் அந்தத் தொழில் இன்னும் நடக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் வாட்டில்தான், ஆவாரை அல்ல என்பது வேறு விஷயம்.

இனி யாரும் அதிகம் சொல்லாத பகுதி. பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் முக்கியப் பங்கு, சமையலறையில் இருக்கும் அதே உப்புக்கு உண்டு. மாட்டை அறுத்த இடத்திலிருந்து டேனரிக்கு வரும் வரை தோல் கெடாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள். டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி விடுவதுதான். குரோமா, பட்டையா என்ற கேள்வி வருவதற்கு முன்பே உப்பு தண்ணீரில் கலந்துவிடுகிறது. ஆவாரைக்குத் திரும்பினாலும் அந்த உப்பு குறையப் போவதில்லை. சுண்ணாம்பும் சல்ஃபைடும் அப்படித்தான்.

பட்டைக் கழிவுநீரும் பன்னீர் இல்லை. கறுப்பாக இருக்கும், எளிதில் மக்காது. 'இயற்கை' என்ற ஒரே காரணத்துக்காக ஆற்றில் விட முடியாது.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை வடிகட்டி, கொதிக்க வைத்து, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது பல உப்புகள் கலந்த ஒரு கட்டி. அதை யாரும் வாங்க மாட்டார்கள், எங்கேயும் கொட்டவும் கூடாது. சேர்ந்துகொண்டே போகிறது.

மூன்றாவது சிக்கல், அளவு. இன்றைய உற்பத்தி முழுவதையும் ஆவாரம் பட்டையில் செய்ய வேண்டுமென்றால் காட்டுச் செடி போதாது. பட்டைக்காகச் செடியையே வெட்ட வேண்டும். துளிர்க்கும் என்றாலும் மறுபடி பட்டைப் பருவம் வர இரண்டு மூன்று வருஷம். சாகுபடி செய்யலாம்தான், தரிசு நிலத்துக்கு ஏற்ற பயிர். ஆனால் அந்த அளவுக்கு வாங்க ஆள் இருந்தால்தானே விவசாயி நடுவார்?

ஆக, நடக்கக்கூடியது எது? ஷூ மேல்தோல் குரோமில் தொடரும். அதில் மிச்சம் விழும் குரோமியத்தைக் குறைக்க அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீர் இல்லாமல் குரோமில் பதனிடும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. ஒட்டியிருக்கும் உப்பைக் கழுவும் முன்பே உதறி எடுப்பது இன்னொரு வழி. அதைவிட எளிதான வேலை இல்லை, ஆனாலும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்க வேண்டும். இதற்கு ஓரமாக, பைக்கும் செருப்புக்கும் என்று ஒரு சின்னப் பட்டைத் தோல் சந்தை வளரலாம். அதில் ஆவாரைக்கு இடம் உண்டு. பாலாற்றைக் காப்பாற்றும் மருந்தாக அதை விற்றால் மட்டும் நம்ப வேண்டாம்.

ஆவாரம்பூ டீ... சர்க்கரை குறையுமா?

இந்தக் கேள்வி இல்லாமல் ஆவாரையைப் பற்றிய எந்தக் கட்டுரையும் முடியாது! சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்ற மருந்து உண்டு. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம் பட்டை என ஏழு சரக்கு சேர்ந்தது அது. நீரிழிவுக்குச் சித்த மருத்துவர்கள் தருகிறார்கள். பூவின் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களுக்கு மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ மாற்று என்று சொல்ல அது போதாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடவே இதையும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்பு உண்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பது நல்லது.

கடையில் வாங்காமல் நீங்களே பறிப்பதாக இருந்தால் மேட்டு நிலத்துச் செடியாகப் பார்த்துப் பறியுங்கள். நெடுஞ்சாலைப் புகை படியும் ஓரத்தில் வேண்டாம். இந்த வட்டாரத்தில் என்றால் டேனரித் தண்ணீர் ஓடிய பழைய கால்வாய்க் கரையிலும் ஆவாரை நன்றாகவே பூத்து நிற்கலாம், அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.